விளக்கேற்றியதும் கடன் தீர்ந்ததா?

ஒவ்வோராண்டும் ஒக்டோபர் 21ஆந் திகதி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் ஒரு சிறு நிகழ்வு நடைபெறுகிறது. 1987இல் அங்கே கொல்லப்பட்ட வைத்தியர், தாதியர், சிற்றூழியர் ஆகியோரின் படங்களுக்கு மலர் வைக்கிறார்கள், சுடர் ஏற்றுகிறார்கள். மறுநாட் பத்திரிகையில் ஒரு படம் வருகிறது. அத்துடன் அவ்வாண்டுக் கடன் தீர்ந்தது.

அந்தப் பத்திரிகைப் படத்தை வகுப்பிலே காட்டியபோது மாணவன் ஒருவன் எம்மைக் கேட்டான்: "சேர், இவையள் எந்த இயக்கம்?"

அவனைக் கோபிக்க நமக்கு உரிமை இல்லை. மாலையிட்ட படமென்றால் அது ஆயுதம் ஏந்தியவரின் படமே என்ற பாடத்தை அவனுக்குக் கற்பித்தது நமது சமுதாயம். கடமைக்குரிய வேளையில் கடமைக்குரிய இடத்தில் நின்றதற்காகவே இறந்தவர்களை எப்படி நினைப்பது என்பதை நாம் இன்னும் கற்கவில்லை.

நடந்தது என்ன? 1987 ஒக்டோபரில், அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. குடாநாடெங்கும் மக்கள் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அடைந்து கிடந்தனர். ஓட வழியிருந்தவர்கள் ஓடினர். அந்த நாட்களில் 'பெரியாஸ்பத்திரி'க்கு வேலைக்கு வந்தவர்கள், ஷெல் விழும் நகரத்தின் நடுவே வந்தார்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தீபாவளித் தினமான 21ஆந் திகதி பகலில் ஆஸ்பத்திரி மீதே ஷெல் விழுந்தது. பிற்பகலில் இராணுவத்தினர் உள்ளே புகுந்து சுட்டனர். ஊடுகதிர்ப் பிரிவில் அடைக்கலம் புகுந்த ஊழியரும் நோயாளரும் குண்டுக்கு இரையாயினர். உயிரோடிருந்தவர்கள் பிணங்களுக்கிடையே பிணம்போல் இரவெல்லாம் கிடந்தனர்.

மறுநாட் காலை, குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாம் வைத்தியர் என்று உரக்கக் கூறியவாறு, கைகளை உயர்த்திக்கொண்டு தாதியருடன் வெளியே வந்தார். அவரையும் சுட்டனர். வைத்தியர்கள் பரிமேலழகரும் கணேசரத்தினமும் அந்த ஆஸ்பத்திரியிலேயே மாண்டனர். ஊழியர் 21 பேர் உட்பட இறந்தோர் தொகை 60க்கும் மேல்.

"இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் அகப்பட்டனர்" என்று ஒரு சாரார் கூறுவர். அன்று ஆயுதந் தாங்கிய புலிகள் ஆஸ்பத்திரி வளவுக்குள் வந்தது உண்மை. அது குற்றமே, அதை மறைப்பவன் இறந்தோருக்கு நண்பனல்லன். ஆயினும் அக்குற்றம் படையினரின் குற்றத்தைக் கழுவிவிடுமா? ஆஸ்பத்திரி பகைவனால் தவறாகப் பயன்படுத்தப்பட்டாலும், முன்னெச்சரிக்கை செய்து, நியாயமான கால அவகாசம் கொடுத்த பின்னரன்றி அதன் பாதுகாப்பு நீங்காது என்பது 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை வகுத்த நெறி. கைகளை உயர்த்தி வந்த வைத்தியர் எந்தத் தரப்பின் துப்பாக்கியைத் தாங்கியிருந்தார்? அந்தக் காலை வேளையில் சூடு ஒரு தரப்பிலிருந்தே வந்தது.

இக்கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இலங்கையில் மாண்ட இந்தியப் படையினருக்குப் பத்தரமுல்லையில் நினைவுத்தூபி உண்டு. அதை நாம் வெறுக்கவில்லை. கட்டளைக்குப் பணிந்து கடல் கடந்து வந்து மடிந்தவர்களிற் பலரும் ஏழைக் குடியானவரின் பிள்ளைகளே. ஆனால் கட்டளையிட்டவர்களைக் கேள்வி கேட்காத இரண்டு அரசுகளின் நட்புறவுக்கு நமது மௌனமும் காணிக்கையாக வேண்டுமா?

நமது பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வைத்திய நிபுணரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. நோயாளியைத் தூக்கிச் சென்ற தொழிலாளியின் பெயர்? குருதி துடைத்தவளின் பெயர்? கட்டிலிலேயே இறந்த நோயாளியின் பெயர்? உயிரோடிருக்கும்போது பதவியும் குலமும் பார்த்து இருக்கை கொடுத்த யாழ்ப்பாணம், இறந்த பின்னும் அந்த வரிசையைக் கலைக்கவில்லை. அன்று விழுந்த குண்டு சம்பளப் பட்டியலைப் பார்த்து விழவில்லை.

உண்மையைப் பதிவதும் இங்கே எளிதாயிருக்கவில்லை. இந்நிகழ்வை ஆவணப்படுத்திய 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவரான மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர்கள் புலிகளே என்று அவருடன் பணியாற்றிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் குற்றஞ்சாட்டினர். எல்லாத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டவருக்கு நேர்ந்த கதி அது.

இது பழங்கதை என்று எவரும் சொல்ல வேண்டாம். 2009இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி ஷெல் வீச்சுக்கு உள்ளாயிற்று. அங்கு சுட்டது இந்த நாட்டு இராணுவம் என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்றே ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு கண்டது. 2015இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற வைத்தியர்களின் ஆஸ்பத்திரியை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேரைக் கொன்றது. கொடிகள் மாறுகின்றன, "தவறுதலாக நேர்ந்தது", "பகைவன் உள்ளே இருந்தான்" என்ற விளக்கங்கள் மாறவில்லை. அவற்றை ஏற்றுப் பழகியவர்களே அடுத்த ஆஸ்பத்திரியையும் இழப்பார்கள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்றுண்டு. அந்த இரவைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் சென்று கேட்டெழுதுவோம். வைத்தியர் முதல் வாசற்காவலர் வரை, நோயாளி முதல் அவரைப் பார்க்க வந்தவர் வரை ஒரே வரிசையில் பெயர்களைத் திரட்டுவோம். ஆஸ்பத்திரி வாசலுக்குள் எவருடைய ஆயுதமும், நம்மவருடையதாயினும், நுழையலாகாது என்பதை வகுப்பறையிற் சொல்வோம். அடுத்த ஒக்டோபரில் அந்த மாணவன் மறுபடியும் கேட்டால், "இவர்கள் எந்த இயக்கமும் அல்லர், அன்று வேலைக்கு வந்தவர்கள்" என்று விடையளித்து, ஒவ்வொரு பெயராக அவனுக்கு வாசித்துக் காட்ட நம்மால் முடிய வேண்டும்.