கேளாது கொண்ட பங்கு

ஒரு நிறுவனத்தை மற்றொரு நிறுவனம் வாங்குவது வணிக உலகில் புதிதன்று. கொள்வோன் விலை கூற, கொடுப்போன் இசைய, நடப்பது விற்பனை. உடையவனைக் கேளாமலே உடைமை கைம்மாறினால் அதனை அறம் ஏற்குமா?

கரூரில் 1926-இல் இராமலிங்கச் செட்டியார் முதலாய வணிகர் எழுவர் தோற்றுவித்தது இலக்குமி விலாசு வைப்பகம் (வங்கி). உழவர்க்கும் சிறுவணிகர்க்கும் கைகொடுத்து வளர்ந்த அது, பின்னாளில் பெருநிறுவனங்களுக்குப் பெருங்கடன் ஈந்து நிலைகுலைந்தது. 2020-இல் அது தந்த கடனில் நூற்றுக்கு 24 பங்குக்கு மேல் வாராக்கடன். அவ்வாண்டு செப்டம்பர் 25-இல் பங்குடையோர் இயக்குநர் எழுவரை வாக்களித்து நீக்கினர். விழிப்பு பிந்திவிட்டது.

வைப்பாளர் பணத்தைக் காக்க ரிசர்வு வங்கி குறுக்கிட்டது தவறன்று. குறுக்கிட்ட முறையே தவறு. நவம்பர் 17-இல், சிங்கப்பூர் டி.பி.எசு. வைப்பகத்தின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கும் வரைவு வெளியாயிற்று. மறுப்புரைக்கத் தந்த காலம் 20-ஆம் நாள் மாலை 5 மணி வரை. மூன்றே நாள்! 25-இல் நடுவண் அமைச்சரவை இசைந்தது. 27-இல் 94 ஆண்டு வைப்பகம் மறைந்தது. பங்குடையோர் முதல் முழுதும் சுழியாயிற்று. கொண்டவர் இட்ட 2,500 கோடி உருபா தம் நிறுவனத்துக்குள்ளேயே இட்டது. பங்குடையோர்க்கு ஒரு காசுமில்லை. 563 கிளைகளும் கொண்டவர்க்காயின.

அதே ஆண்டு மார்ச்சில் மும்பையின் யெசு வங்கி வீழ்ந்தது. அரசு வங்கி முதலியன 10,000 கோடி இட்டுத் தாங்கின. 100 பங்குக்கு மேல் வைத்திருந்தோர் நான்கில் மூன்று பங்கை மூன்றாண்டு விற்கலாகாதெனத் தடை வந்தது. ஆயினும் பங்கு அழியவில்லை. 2001-இல் மதுரை வைப்பகம் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு இணைந்தபோதும், ஒரு பங்குக்கு இரு பங்கு கிடைத்தது. கரூருக்கு மட்டும் ஏன் சுழி?

முதல் தேய்ந்துபோன வைப்பகத்தின் பங்குக்கு மதிப்பேது என்பர். அவ்வாறாயின், வாராக்கடனில் நாளை மீள்வது யாருக்கு? இழப்பு பழையவனுக்கு, மீட்பு புதியவனுக்கு என்பது எவ்வூர் முறை?

நாம் வேண்டுவன மூன்று. இருசாராரையும் சாராத மதிப்பீட்டாளர் கணக்கு முன்கூட்டியே வெளிவரல் வேண்டும். வரைவு தமிழிலும் வெளியாகி, மறுப்புரைக்க ஒரு திங்களேனும் காலம் வேண்டும். மீளும் கடனில் பழைய பங்குடையோர்க்கும் உரிய கூறு வேண்டும்.

நம் திருவண்ணாமலைக் கோயிற் சுவர்களைப் பாருங்கள். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்பதை எல்லாரும் காணக் கல்லில் வெட்டிவைத்தனர் முன்னோர். மறைவில் கைம்மாறும் பொருளை மன்றம் ஏற்பதில்லை என்பதே அதன் பொருள்.

தமிழன்பர்களே! உங்கள் ஊர்க் கூட்டுறவு வைப்பகத்திலோ சிறு நிறுவனத்திலோ ஒரு பங்கே உங்களுக்கு இருப்பினும் ஆண்டுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். யாருக்குக் கடன் தந்தீர் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய நாளில் வாய் மூடியிருந்தால், கேளாமல் கொள்வோர் வந்தே தீர்வர்.