மேஸ்திரி பெயருக்குக் கீழே ஆயிரம் பேர்

1869 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஒரே நாளில் பத்து மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். சென்ட்ரல் பசிபிக் என்னும் ரயில் கம்பெனி சவால் விட்டுச் செய்த வேலை அது. அன்று தண்டவாள இரும்பைத் தூக்கிக் கிடத்திய எட்டுப் பேரின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. எட்டுப் பேரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடுக்கி, ஆணி அறைந்து, மண் அணைத்து ஓடிய ஆயிரக்கணக்கான சீனர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த எட்டுப் பேரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆளுக்கு நூறு டன்னுக்கு மேல் இரும்பு தூக்கியிருக்கிறார்கள் அன்று. பெயர் எழுதும் நோட்டு யாரோடு மூடிக்கொள்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் சமவெளியை விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர். அதைத் தாண்டும் டோனர் கணவாய் ஏறக்குறைய 7,000 அடி உயரம். நம் ஊட்டியைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் குளிர்காலத்தில் வீடே மறையும் அளவுக்குப் பனி கொட்டும் இடம். 1846-இல் இந்த வழியாக மேற்கே குடியேறப் புறப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் பனியில் சிக்கிக்கொண்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். இருபது வருடம் கழித்து அதே இடத்தில் ரயில் பாதை போட வேண்டும் என்று முடிவானது.

மாட்டுவண்டியை வளைத்து வளைத்து மலையேற்றிவிடலாம். ரயிலுக்கு அது நடக்காது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கும். அந்தப் பாதையில் நூறு அடி ஓடினால் இரண்டு அடிக்குச் சற்று மேல் ஏறலாம், அவ்வளவுதான். ஆகவே மலை எப்படி நெளிந்தாலும் பாதை சீராகவே ஏற வேண்டும். பள்ளம் வந்தால் நிரப்ப வேண்டும். பாறை குறுக்கே வந்தால் குடைய வேண்டும். சியராவில் மட்டும் பதினைந்து குகைகள் குடைந்தார்கள்.

குடைவதற்கு முன் பணம் பார்த்தவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரசு கடன் பத்திரமாகக் கொடுத்த உதவி, சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர். மலையில் 48,000 டாலர். மூன்று மடங்கு. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாக்ரமென்டோ நகரத்திலிருந்து ஏழு மைல் தாண்டியதுமே மலையடிவாரம் தொடங்கிவிட்டது என்று மண்ணியல் வல்லுநரிடம் சான்று வாங்கி, அதிபர் லிங்கனிடம் ஒப்புதலும் பெற்றுவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையான நிலம், காகிதத்தில் மலை! நம் ஊர் ஒப்பந்ததாரர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

பணம் வந்தது, ஆள் வரவில்லை. ஐந்தாயிரம் பேர் வேண்டும் என்று விளம்பரம் செய்தும் சில நூறு பேர்தான் வந்தார்கள். வந்தவர்களிலும் பலர் வெள்ளிச் சுரங்கத்துக்கு ஓடிவிட்டார்கள். 1865-இல் ஐம்பது சீனர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது கம்பெனி. சின்ன உடம்புக்காரர்கள், இவர்களால் முடியாது என்று வேலைத் தலைவர் ஸ்ட்ரோபிரிட்ஜ் முதலில் மறுத்தார். இரண்டே வருடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் மலையில் நின்றார்கள். மொத்த ஆளில் பத்தில் ஒன்பது பங்கு அவர்கள்தான். பெரும்பாலோர் தென்சீனத்தின் குவாங்டொங் பகுதிக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் சண்டையும் துரத்தி வந்த உழவர் பிள்ளைகள்.

கம்பெனியின் தலைவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட். 1862-இல் கலிஃபோர்னியா ஆளுநராகப் பதவியேற்றபோது, ஆசியாவிலிருந்து வரும் தாழ்ந்த இனத்தாரை இங்கே குடியேற விடக்கூடாது என்று பேசியவர். குடியேறக் கூடாது, குடைய வரலாம். ஊருக்குள் வரக்கூடாது, ஊர்க் காரியத்துக்கு வர வேண்டும் என்ற நியாயம் நமக்குக் கேட்டுப் பழக்கமானதுதானே.

சம்பளத்திலும் அதே நியாயம். வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு மாதம் 35 டாலரும் சாப்பாடும் தங்குமிடமும். சீனருக்கு 30 டாலர் அளவில். சாப்பாடு அவர் பொறுப்பு. அரிசி, காய்ந்த மீன், காய்கறி எல்லாம் சொந்தக் காசில் வாங்கி, தங்களுக்குள் ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டார்கள். தேநீருக்காகத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்ததால், ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்தவர்களுக்கு வந்த வயிற்றுக்கடுப்பு இவர்களை அவ்வளவாக அண்டவில்லை.

கணவாயின் உச்சியில் உள்ள குகையின் நீளம் 1,659 அடி. கருங்கல்லுக்குச் சளைக்காத பாறை. ஒருவர் நீள உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இருவர் சம்மட்டியால் அடித்து வேட்டுக் குழி போடுவார்கள். நம் கல்குவாரிகளில் இயந்திரம் வருவதற்கு முன் வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள், இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். இரவு பகலாக மூன்று முறை ஆள் மாற்றி உடைத்தும், நாளொன்றுக்கு ஒரு முகத்தில் ஓரடி முன்னேறினால் பெரிது. இரண்டு பக்கமிருந்தும் குடைந்தது போதாதென்று மலை உச்சியிலிருந்து நடுவில் கிணறு வெட்டி இறங்கி, உள்ளிருந்தும் இரண்டு பக்கமாகக் குடைந்தார்கள். அதுவும் போதாமல் நைட்ரோகிளிசரின் என்ற திரவ வெடியை அங்கேயே காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். வேகம் கூடியது. ஆபத்தும் கூடியது.

1866–67 குளிர்காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பனிப்புயல்கள் அடித்தன. தொழிலாளர்கள் பனிக்கு அடியில் வழி தோண்டி, குடிசையிலிருந்து குகைக்கும் குகையிலிருந்து குடிசைக்கும் எலிகளைப்போல நடந்து வேலை செய்தார்கள். பனிச்சரிவு வந்து குடிசைகளோடு ஆட்களை அள்ளிக்கொண்டு போனதுண்டு. வசந்தத்தில் பனி உருகியபோது சில உடல்கள் கையில் கருவியோடு கிடந்தன. எத்தனை பேர் செத்தார்கள் என்று கம்பெனி கணக்கு வைக்கவில்லை. செத்த குதிரைக்குக் கணக்கு எழுதுவார்கள், அது வாங்கிய சொத்து.

படிக்கிற பிள்ளைகள் அடுத்ததைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 1867 ஜூன் 25 அன்று ஆயிரக்கணக்கான சீனர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு முகாமுக்குத் திரும்பினார்கள். மாதம் 40 டாலர் கூலி, நாளுக்குப் பத்து மணி நேர வேலை, குகைக்குள் எட்டு மணி நேரம். இவைதான் கோரிக்கை. பல மைல் நீளத்துக்குச் சிதறிக் கிடந்த முகாம்கள் ஒரே நாளில் நின்றன. எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள், சொன்னதைச் செய்பவர்கள் என்று நினைத்திருந்த முதலாளிகள் அதிர்ந்துபோனார்கள். கலவரம் இல்லை, கல்வீச்சு இல்லை. கம்பெனியின் பங்காளிகளில் ஒருவரான சார்லஸ் க்ராக்கர் ஒரு காரியம் செய்தார்: மலைக்குப் போகும் உணவை நிறுத்தினார். ஒரு வார அளவில் பசி வென்றது.

அந்த நாட்களில் முதலாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் இன்னொரு யோசனை அடிபட்டது. இரண்டு வருடம் முன்புதான் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றிருந்த கறுப்பின மக்களைத் தெற்கிலிருந்து கொண்டுவந்து இவர்களுக்குப் போட்டியாக நிறுத்தலாம் என்பது. அதற்கும் முன்பு, கூலி உயர்வு கேட்ட அயர்லாந்துக்காரர்களை மிரட்டச் சீனர்களைக் காட்டினார்கள். ஒருவரை அடக்க அவருக்கு அடுத்த படியில் நிற்பவர். படிவரிசைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் பெயரிட்டுக் காட்டியது எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். அவரவருக்கு மிதிக்க ஒரு படி கீழே இருக்கும்வரை, மேலே இருப்பவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சீனரும் தலித்தும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது சோம்பேறித்தனமான ஒப்பீடு. அந்தச் சீனர் தன் கிராமத்துக்குத் திரும்பிப்போனால் அங்கே தீண்டத்தகாதவர் அல்லர். கடல் தாண்டியபின் அவர்மேல் ஏற்றப்பட்டது அந்த இழிவு. நமக்குத் திரும்பிப்போக அப்படி ஒரு ஊர் இல்லை. சொந்த ஊரில்தான் எல்லாமே. ஆனால் பிறப்பைப் பார்த்துக் கூலி நிர்ணயிக்கும் கணக்குப்பிள்ளை இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான்.

அதே காலத்தில் இந்தியாவிலும் ஒரு மலை ஏறிக்கொண்டிருந்தது. மும்பையிலிருந்து புனே போகும்போது கர்ஜத் தாண்டி ரயில் மூச்சு வாங்கி ஏறுமே, அந்த போர் காட் பாதை. 1856-இல் வேலை தொடங்கி 1863-இல் திறந்தார்கள். பதினைந்து மைலில் 1,831 அடி ஏற்றம், இருபத்தைந்து குகைகள். கட்டியது ஜி.ஐ.பி. ரயில்வே கம்பெனி. 1861-இல் அந்த மலைச்சரிவில் 42,000 பேர் வேலை செய்தார்கள். காலரா வந்து கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1859-இல் ஒப்பந்ததாரர் சாலமன் ட்ரெட்வெல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே நோயில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஒப்பந்தத்தை ஏற்று முடித்துவைத்தார். அந்த அம்மையாரின் பெயர் வரலாற்றில் இருப்பது நல்லதுதான். அதே சரிவில் கூடை சுமந்த பெண்களின் பெயர்கள்?

அங்கேயும் 1859-இல் கலகம் வெடித்தது. பேசிய கூலியைத் தராமல் இழுத்தடித்த உள்குத்தகைக்காரர்கள்மேல் வந்த ஆத்திரம் அது. அரசு என்ன செய்தது? 1860-இல் முதலாளி, தொழிலாளி தகராறுகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூலித் தகராறை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம் என்று ஒரு கையால் கொடுத்து, பேசிய வேலையை விட்டுப் போனால் சிறை என்று மறு கையால் பிடுங்கியது.

இதே ஜி.ஐ.பி. ரயில்வேயின் தலித் தொழிலாளர் மாநாடு 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்தது. அங்கே அம்பேத்கர் பேசியதை ரயில்வேயில் வேலை தேடும் ஒவ்வொரு பிள்ளையும் தேடிப் படிக்க வேண்டும். தலித் ஒருவர் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தால் ஆயுள் முழுக்கக் கேங்மேன்தான் என்றார். போர்ட்டர் வேலைகூட அவருக்கு இல்லை. ஏனென்றால் போர்ட்டர், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும்; ஸ்டேஷன் மாஸ்டரோ பெரும்பாலும் சாதி இந்து. தண்டவாளத்தைத் தொடலாம், தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது. பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று தொழிலாளருக்கு இரண்டு எதிரிகள் என்று அவர் அடையாளம் காட்டியது அந்த மேடையில்தான்.

சென்ட்ரல் பசிபிக்கின் சம்பளப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் சீனத் தொழிலாளர்களின் பெயர்கள் தனித்தனியாக இல்லை. குழுவின் மேஸ்திரி பெயர், எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு தொகை. அவ்வளவுதான். பணம் மேஸ்திரி கைக்குப் போய், அவர் பிரித்துக் கொடுப்பார். ஸ்டான்ஃபோர்டின் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகமே 2012-இல் இந்தத் தொழிலாளர் வரலாற்றைத் தேட ஆய்வுக்குழு அமைத்தது. இருபதாயிரம் பேர்வரை உழைத்திருக்கக்கூடிய அந்தப் பாதையைப் பற்றி ஒரு தொழிலாளியே எழுதிய ஒரு கடிதம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாவட்டத்துப் பதிவேடு ஒன்று நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் சாக்கடைக் கால்வாய் ஒப்பந்த வேலையில் மண் சரிந்து இறந்தவரின் மனைவியோடு இழப்பீடு கேட்டுப் போனோம். அவர் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நோட்டைத் திறந்து பார்த்தால், மேஸ்திரி பெயர், பக்கத்தில் ‘+ 14’. அந்தப் பதினான்கில் அவர் எத்தனையாவது ஆள் என்று யார் நிரூபிப்பது? பிணத்துக்குப் பெயர் இருந்தது, வேலைக்கு இல்லை. கூட வேலை செய்த இருவர் துணிந்து வந்து சாட்சி சொன்னதால் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ கிடைத்தது. எல்லாக் குடும்பத்துக்கும் அப்படிச் சாட்சி அமைவதில்லை.

நூறு நாள் வேலை வந்தபோது மஸ்டர் ரோலில் ஒவ்வொருவர் பெயரும் தனியாக ஏறியது. பண்ணையில் ‘ஆள்’ என்று மட்டுமே எண்ணப்பட்ட நம் தாய்மார்கள் முதல்முறையாகக் கணக்கில் பெயராக நின்றார்கள். அந்தத் திட்டத்தை எவ்வளவு குறை சொன்னாலும் இந்த ஒன்றை யாரும் மறுக்க முடியாது. ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் வருகைப் பதிவேட்டில் தன் பெயர் தனியாக இருக்கிறதா, பி.எஃப். எண் வந்திருக்கிறதா, கூலிச் சீட்டு தருகிறார்களா என்று கேட்பது திமிர் அல்ல. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் பதினான்கு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

1969-இல் அந்த ரயில் பாதையின் நூற்றாண்டு விழா நடந்தது. முப்பது அடிப் பனிக்குள் மலையைக் குடைய அமெரிக்கரைத் தவிர வேறு யாரால் முடியும் என்று போக்குவரத்து அமைச்சர் பெருமையோடு பேசினார். குடைந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமையே அன்று கிடையாது. 1882-இல் சீனத் தொழிலாளர் வருகைக்கே தடைச் சட்டம் போட்டார்கள். அது 1943 வரை நீடித்தது. விழாவுக்கு வந்திருந்த சீன அமெரிக்க வரலாற்றுக் கழகத்தார் கொதித்துப்போனார்கள். அன்று முதல் வழித்தோன்றல்கள் விடாமல் தேடினார்கள், எழுதினார்கள். 2014-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் பெருமை மண்டபத்தில் அந்தச் சீனத் தொழிலாளர்களைச் சேர்த்தது. 145 வருடம் ஆகியிருந்தது.

நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. நம் சேரிகளில் அணை கட்டப் போனவர்கள், மலைச்சாலை போடப் போனவர்கள், தண்டவாளத்துக்கு ஜல்லி உடைத்தவர்கள் இன்னும் சிலர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த ஊர் வேலை, எந்த வருடம், மேஸ்திரி யார், என்ன கூலி, கூடப் போனவர்கள் யார் யார், அவர்களில் திரும்பி வராதவர்கள் யார் என்று கேளுங்கள். பட்டப்பெயர் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.