குடத்தில் விழாத ஓலை

உத்திரமேரூருக்குப் பெரியப்பாவோடு போயிருந்தேன். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது உருப்போட்டு மார்க் வாங்கிய சங்கதி. சுவரை நேரில் பார்த்தது இப்போதுதான்.

"என்னாடா எழுதியிருக்கான், படிச்சுச் சொல்லு" என்றார் பெரியப்பா.

சொன்னேன். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் வரமுடியாது.

"நல்லாத்தானடா இருக்குது."

நல்லாத்தான் இருக்கிறது. ஓலையில் யார் பேரை எழுதுவது? வயது முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதம் ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். (வயசு எனக்குச் சரி. மற்றது எதுவுமில்லை.) ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். நிலத்தில் சலுகை உண்டு, வேதத்தில் கிடையாது. கீழோரோடு சேர்ந்து விலக்கானவன் பரிகாரம் செய்யும்வரை அவன் பேர் ஏறாது.

பெரியப்பா சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அந்தக் கீழோர் யாருன்னு எழுதலியா?"

இது சதுர்வேதிமங்கலம். பிராமணர் சபை தனக்குப் போட்டுக்கொண்ட விதி. அதோடு எனக்குச் சண்டையில்லை. அதை மொத்தத் தமிழனின் ஜனநாயகம் என்று நம் தலையில் கட்டுகிறவர்களோடுதான் சண்டை. தமிழ்ப் பெருமை பேசுகிற மேடையும் சொல்கிறது, தேசப் பெருமை பேசுகிற மேடையும் சொல்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரைச் சொன்னார். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் இருக்கிறது. வரி நீக்கிய இடங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்று பிரித்து வெட்டியிருக்கிறார்கள். அதை எந்த மேடையில் வாசித்தார்கள்?

குடத்தை விடுங்கள், பெட்டிக்கு வருவோம். 1996இல் தனி ஊராட்சிகள் ஒதுக்கினார்கள். மேலவளவில் தலைவரான முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை ஒரு தலித் தலைவரை நாற்காலியில் இருக்க விடவில்லை. ஆயிரம் வருசத்து ஜனநாயகப் பாரம்பரியம் அந்தப் பத்து வருசம் எங்கே போயிருந்தது?

உத்திரமேரூர்ப் பெருமையை எழுதுகிறவர்கள் எழுதட்டும். தகுதி விதி மொத்தத்தையும் எழுதட்டும், கீழோர் வரியையும் விடாமல்.