பறக்கத் தெரிந்தால் போதாது, தின்னத் தெரியவேண்டும்!

கல்வராயன் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள். மனிதன் உண்ணும் இந்தத் தானியம், உமியோடு இருந்தால் கூண்டுப் பறவைக்கும் நல்ல உணவு.

கள்ளக்குறிச்சி முதல் சென்னை வரை பல வீடுகளில் "லவ் பேர்ட்ஸ்" கூண்டு தொங்குகிறது. காரணம் உண்டு. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது, 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே, ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த இந்தச் சிறு கிளி இனத்தை மக்கள் வாங்குகிறார்கள்.

குஞ்சு சாவது ஏன்?

குஞ்சு சுமார் 5 வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும். பறக்கும். ஆனால், உமி நீக்கித் தின்ன அதற்குச் சரியாகத் தெரியாது. மேலும் சில நாட்கள் தகப்பன் பறவை ஊட்டவேண்டும். "பறக்கிறதே, விற்றுவிடலாம்" என்று அதற்குள் பிரித்தால், நிறைந்த கிண்ணத்தின் எதிரிலேயே குஞ்சு பட்டினி கிடக்கும்!

என்ன செய்யவேண்டும்?

தானாகத் தின்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். மாலையில் கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்திருந்தால், குஞ்சு தின்றிருக்கிறது என்று பொருள். ஊறவைத்த தினை, தினைக்கதிர், நறுக்கிய கீரை ஆகியவற்றைக் கொடுக்கலாம். ஊறிய தீனியைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடவேண்டும். புளித்தால் நோய் வரும். பால்சோறு கூடாது, பால் பறவைக்குச் செரிக்காது.

ஒரு வாரம் பொறுத்து விற்றால் வியாபாரிக்குச் செலவு ஒரு பிடி தினை. அவசரப்பட்டால் போவது ஓர் உயிர்.