சாப்பிட மறுக்கும் பிள்ளைகள்: அடமா, நோயா? உடலுக்குள் நடப்பது என்ன?

கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி, 2025 மார்ச்சில் தலசேரி மருத்துவமனையில் உயிரிழந்தார். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பல மாதங்களாக உணவைத் தவிர்த்து வந்தவர் அவர். 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்ற உணவுக் கோளாறு இருந்திருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள்.

பால்கோவா மணக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பக்கத்து ராஜபாளையத்திலும் 'இதெல்லாம் பெருநகரத்துப் பிரச்சினை'ன்னு தோணலாம். ஆனா, செல்போனில் ஓடும் டயட் வீடியோவுக்கு ஊர் எல்லை கிடையாது.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

உடல் முதலில் கொழுப்பை எரிக்கும். பிறகு தசையைக் கரைக்கும். இதயமும் தசைதானே! துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நின்றால் மயக்கம் வரும். ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்கும் கீழே போனால், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். கூடவே எலும்பும் பலவீனமாகும். எலும்பு வலுப்பெறும் வயசே இதுதான் என்பதால், இழந்ததைப் பின்னாளில் முழுசாக மீட்பது கஷ்டம். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும்.

எடை சரியா இருந்தா பயமில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் 'புலிமியா'வில் எடை இயல்பாகவே இருக்கலாம். ஆனால் தொடர் வாந்தியும் பேதி மாத்திரையும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீர் மரணம்கூட நேரலாம். பல் அரிப்பு, கன்ன வீக்கம், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

உடனே நிறைய ஊட்டலாமா?

கூடாது! நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென அதிகம் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட் சட்டென்று குறையும். இதயமும் சுவாசமும் பாதிக்கப்படும். இதற்குப் பெயர் 'ரீஃபீடிங் சிண்ட்ரோம்'. அதனால் மருத்துவர் கண்காணிப்பில்தான் உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

எங்கே போவது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. நாடி, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

'அடம் பிடிக்கிறா, பசிச்சா தானா சாப்பிடுவா'ன்னு மட்டும் காத்திருக்காதீங்க. இந்த நோயில் பிள்ளைகள் பசித்தாலும் சாப்பிட மாட்டார்கள்.