எர்த் பின்னைப் பிடுங்காதீங்க சாமி!

போன வாரம் இங்கே, ஜெர்மனியில், எங்க ஆபீஸ் லேபில் ஒரு காட்சி. புதுசாச் சேர்ந்த நம்மூர்ப் பையன் ஒருத்தன் ஆசிலாஸ்கோப் பிளக்கோட எர்த் தகடு மேலே இன்சுலேஷன் டேப் சுத்திக்கிட்டு இருந்தான்.

"என்னப்பா பண்றே?"

"எஸ்.எம்.பி.எஸ். பிரைமரியைப் பாக்கணும் சார். அதான் ஸ்கோப்பை ஃப்ளோட் பண்றேன். காலேஜ்ல இப்படித்தான் செய்வோம்."

எனக்குக் கோபமே வரலை. ஏன்னா எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

எங்க ஊர் பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுல தமிழ், பஸ்ஸுல மலையாளம். பிளஸ் டூ லீவுல ஒரு டி.வி. ரிப்பேர் கடையில எடுபிடியா இருந்தேன். கடை அண்ணன்கிட்ட பழைய சி.ஆர்.ஓ. ஒண்ணு இருந்தது. பிளக்குல அந்தத் தடியான மூணாவது பின் மட்டும் இருக்காது. "அது இருந்தா டிரிப் ஆகுதுடா தம்பி"ன்னு வெட்டிட்டார். பெட்டியைத் தொட்டா சுரீர்னு இழுக்கும். பாதுகாப்பு? காலில் ரப்பர் செருப்பு!

ஒரு நாள் சாயங்காலம் அண்ணனோட ஒரு கை சி.ஆர்.ஓ. மேல, இன்னொரு கை ஜன்னல் கம்பியில. கத்தக்கூட முடியலை அவரால. நான் ஓடிப்போய் மெயினை அணைச்சேன். பிழைச்சுட்டார். ஆனா அதுக்கப்புறமும் அந்தப் பின் திரும்பி வரலை.

சரி, ஏன் டிரிப் ஆச்சு? சாதாரண பெஞ்ச் ஸ்கோப்பில் புரோபோட முதலைக் கிளிப், பி.என்.சி. உலோகம், பெட்டி, பிளக்கோட எர்த் எல்லாம் ஒரே இணைப்பு. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 230 வோல்ட் நேரா பிரிட்ஜ் வழியாப் போய்க் கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆகுது. அந்த மைனஸ் முனையைப் படத்துல கிரவுண்டுன்னு போட்டிருப்பாங்க. அது எர்த் இல்லீங்க! லைன் மைனஸா மாறும்போதெல்லாம் டயோடு வழியா அது லைனோடவே ஒட்டிக்கும். அங்கே கிளிப்பை மாட்டினா லைனை எர்த்தோட ஷார்ட் பண்ற மாதிரி. டமார்!

எர்த்தை வெட்டினா சத்தம் வராது. ஆனா அதே 325 வோல்ட் இப்போ ஸ்கோப் பெட்டியிலே உக்காந்திருக்கும். தப்பு போகலை, இடம் மாறிடுச்சு. டிரிப் ஆனது தொந்தரவு இல்லை, எச்சரிக்கை.

ஐசொலேட் பண்ணின சர்க்யூட்டில் இன்னொரு வம்பு. டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர் எல்லாம் போட்டு ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வச்சிருப்பாங்க. நாம ஒரு சேனல் கிளிப்பை பிரைமரியிலும் இன்னொண்ணை செகண்டரியிலும் மாட்டினா, ஸ்கோப் உள்ளேயே ரெண்டும் சேர்ந்துடும். ஐசொலேஷன் காலி. எர்த்தும் வெட்டியிருந்தா, 5 வோல்ட் சார்ஜர் முனையிலேயே மெயின்ஸ் வந்து நிக்கும்.

அப்போ என்னதான் செய்யறது?

1. மிதக்கவேண்டியது போர்டு, ஸ்கோப் இல்லை. போர்டுக்கு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் குடுங்க. டிம்மர்ஸ்டாட் அதுக்கு ஆகாது. அதுல ஒரே சுருள்தான். ஒண்ணு ஞாபகம் வையுங்க: இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறம் ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாத்தாது. கிளிப் மாட்டின இடம்தான் எர்த். மத்த இடமெல்லாம் இன்னும் கடிக்கும்.

2. ரெண்டு புரோப், ரெண்டும் 10X, கிளிப் எங்கேயும் மாட்டாம, ஸ்கோப்பில் முதல் சேனலிலிருந்து ரெண்டாவதைக் கழிங்க. புரோப் எத்தனை வோல்ட் தாங்கும்னு முதல்ல பாருங்க. சின்ன சிக்னலுக்கு இது சரிப்படாது.

3. டிஃபரன்ஷியல் புரோப். விலை அதிகம்தான். ஆனா ஒரு லேபுக்கு ஒண்ணு வாங்க முடியாதா என்ன?

பேட்டரி ஸ்கோப்புன்னா கவலையில்லைன்னு நினைக்காதீங்க. ஐசொலேட் பண்ணின இன்புட்டுன்னு எழுதி, அதுக்கான வோல்டேஜ் ரேட்டிங்கும் இருந்தா மட்டும்தான்.

எனக்கு ஆதங்கம் இதுதான். மூணாறு, கட்டப்பனைப் பக்கம் பாறை. நல்ல எர்த் கிடைக்கிறதே பெரும்பாடு. எங்க பக்கம் கோடையில மண் காஞ்சு போகும். அம்மா எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துவாங்க. நம்ம ஊர் பிளக்குல எர்த் பின் மட்டும் நீளமா, தடியா இருக்கும். முதல்ல தொட்டு, கடைசியா விடணும்கறதுக்காக. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஒரு கட்டிங் பிளேயரால் வெட்டறோம். அதைப் பாடம் மாதிரி அடுத்த பையனுக்கும் சொல்லிக் குடுக்கிறோம். லேப் வாத்தியார்களே, இது திறமை இல்லீங்க.

பையன் டேப்பைப் பிரிச்சுட்டான். அடுத்த லீவுக்குப் போகும்போது அண்ணன் கடைக்கு ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித் தரணும். கூடவே ஒரு புது மூணு பின் பிளக்கும்.

பி.கு: எல்.ஈ.டி. பல்பு டிரைவர்கள் பலதுல ஐசொலேஷனே கிடையாது. எல்.ஈ.டி. பக்கம்தானேன்னு கிளிப்பை மாட்டிடாதீங்க!