குடியை விடுவார்க்கு ஓர் அறை

விழா மலர்களிற் கல்லூரியின் பெருமை பேசுதல் மரபு. பரீட்சைப் பேறுகளையும், விளையாட்டு வெற்றிகளையும், உயர்பதவி எய்திய பழைய மாணவரையும் பற்றி இம்மலரில் வல்லார் பலர் எழுதுவர். யாமோ, விழாவுக்கு அழைப்பு வரினும் வர நாணும் பழைய மாணவர் சிலரைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம். மதுவுக்கு அடிமைப்பட்டு, அதனின்று மீளும் வழி தெரியாது வருந்துவோரே அவர்.

திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரத்தை யாம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். பஞ்சமா பாதகங்களுள் கள்ளுண்ணலும் ஒன்றெனச் சைவசமய பாடத்திற் சிறுவர் மனனஞ் செய்கின்றனர். குடியாதவனைக் காத்தற்கு இவை நல்லரண்கள். ஆயின், வீழ்ந்துவிட்டவனுக்கு யாம் கற்பித்தது யாது? "விட்டுவிடு" என்னும் ஒரு சொல்லே. நீரில் அமிழ்வானை நோக்கிக் கரையில் நின்று "ஏறி வா" என்பதனினும் இது மேலானதன்று.

எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் உளர். அவர்தம் பெயரும் ஊரும் தொழிலும் ஈண்டு வேண்டா. இருமுறை அவரை அழைத்து நீதி போதித்தோம். கோயில் வாயிலிற் சத்தியமும் வாங்கினோம். இருமுறையும் திங்கள் ஒன்று கழியுமுன் சத்தியம் முறிந்தது. அதன்பின் எம்மைத் தூரத்தே கண்டால் அவர் வேறோர் ஒழுங்கையால் விலகிச் செல்வாராயினார். எமது போதனையால் விளைந்த பயன் ஒரு நண்பரை இழந்ததே.

ஈராண்டு கழிந்தபின் ஒருநாள் மாலை அவரே எம் வீட்டுக்கு வந்தார். குடியை விட்டோர் தம்முட் கூடும் கூட்டம் கொழும்பில் உண்டெனக் கேள்வியுற்றதாகவும், தனியே செல்ல அஞ்சுவதாகவும் கூறினார். உள்ளூரில் விசாரிக்க அவர் துணியவில்லை. இங்கே ஒருவன் வழி கேட்டால், அவன் வீடு திரும்புமுன் அச்செய்தி வீட்டையடையும் என்பதை யாவரும் அறிவர். முதலில் வைத்தியரைக் கண்டோம். நெடுநாட் குடித்தவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் நேர்ந்து உயிருக்கே கேடாதல் கூடும். ஆதலின் இது மிக வேண்டுவதொன்று. பின்னர் இருவரும் இரவுப் பேருந்தில் ஏறினோம்.

'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' எனப்படும் அவ்வமைப்பு 1935இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலே தோன்றியது. பங்குச்சந்தைத் தொழில் புரிந்த பில் வில்சனும், சத்திரவைத்தியர் பொப் சிமித்தும் அதனைத் தொடங்கினர். இருவருமே குடியால் நைந்தவர். குடியனொருவன் பிறிதொரு குடியனுக்கு உதவுமிடத்துத் தானும் குடியாதிருக்கின்றான் என்பதே அவர் கண்ட உண்மை. அவர்தம் பன்னிரண்டு படிகள் 1939இல் நூலாக வெளிவந்தன. குடியை விடும் விருப்பம் ஒன்றே அங்கத்துவத்துக்குரிய தகுதி, சந்தா இல்லை. குடும்பத்தினர்க்கென 'அல்-அனொன்' என்னும் தனியமைப்பு 1951இல் எழுந்தது. இவ்வழியிற் பயன் உண்டோவென ஐயுறுவார், 2020இல் வெளியான கொக்றேன் ஆய்வுத் தொகுப்பை நோக்குக. முற்றாகக் குடியை நிறுத்துவதில் இது ஏனைய சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றினும் மேலானது என்பதே அதன் முடிபு.

பிறரும் வரத்தக்க கூட்டமாதலின் யாமும் உடனிருந்தோம். தலைவருரை இல்லை, மாலை மரியாதை இல்லை, நன்றியுரை இல்லை. சில கதிரைகளும் தேநீருமே இருந்தன. ஒவ்வொருவரும் தம் பெயரை மட்டும் கூறித் தாம் பட்டதைச் சொன்னார். ஏனையோர் குறுக்கிடாது கேட்டனர். எவரும் எவருக்கும் புத்தி சொல்லவில்லை. அங்குக் கேட்டவற்றை வெளியிற் சொல்லுதல் முறையன்று. இருபது ஆண்டு பேசியே பழகிய ஆசிரியராகிய யாம், கேட்டலும் ஒரு தொண்டென்பதை அன்றே கற்றோம் என்பதை மட்டும் சொல்லலாம்.

நண்பர் முதல்நாள் வாய்திறந்திலர். மறுமுறை தனியே சென்றார். இடைநாட்களில் அங்குள்ளாருடன் தொலைபேசியிற் பேசினார். இன்று அவர் குடியாதிருக்கின்றார். நாளையைப் பற்றி அவர் ஏதும் சொல்வதில்லை, யாமும் சொல்லோம்.

ஆயினும், ஒருவன் நலம்பெற 400 கிலோமீற்றர் அளவு செல்லல் வேண்டுமோ? நாணம் மிகுந்த ஊரில் நடந்து செல்லும் தூரத்திலே இத்தகைய கூடல்கள் பல வேண்டும். பழைய மாணவர் சங்கம் வாரத்தில் ஒரு மாலை, மாணவர் வீடு சென்றபின், ஓர் அறையை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். "கல்லூரி வளவிற் குடிகாரரா?" என்று வினவுவார் உளர். வருவோர் குடிக்க வருபவரல்லர்; விட வருபவர். அவரும் இவ்வளவிற் படித்தவரே. வெளியார் நன்கொடையை அவ்வமைப்பு ஏற்பதில்லை. ஆதலிற் சிறு வாடகை பெறுதல் தகும். பெயர்ப்பலகையும் திறப்புவிழாவும் பத்திரிகைப் படமும் வேண்டா. யார் வந்தார், யார் போனார் என நோக்காதிருத்தலே சங்கம் செய்யத்தக்க பேருதவி.

விழா எடுக்கும் இவ்வாண்டில் மண்டபங்கள் எழலாம், சிலைகள் எழலாம். அவற்றோடு, பூட்டாத கதவுடைய சிற்றறை ஒன்றும் இருக்குமாயின், ஒழுங்கை மாறி நடக்கும் மாணவர் சிலர் மீண்டும் கல்லூரியன்னையின் வாயிலுக்கு வருவர்.